நாட்டுக்கோழி வளர்ப்பில் இயற்கைத் துணைத்தீவனமும் குடிநீர்ச் சேர்க்கையும்: மலாயாப் பட்டறிவின்வழி ஒரு விளக்கம்

முன்னுரை

பினாங்குத் தீவில் ஜார்ஜ்டவுன் நகருக்குத் தெற்கே, கிழக்குக் கடலோரத்தில் அமைந்த ஊர் கெலுகோர். அசாம் கெலுகோர் என்னும் புளிப்பு மரத்தின் பெயரால் அவ்வூர் வழங்குகிறது. அம்மரத்தின் காயை மெல்லியதாகச் சீவி வெயிலில் உலர்த்தி மீன்கறிக்குப் புளிப்பேற்றுவது இந்நாட்டுச் சமையலில் பரவலான வழக்கமாகும். முன்னாளில் வாசனைப் பயிர்கள் விளைந்த அந்நிலத்தில் இன்று மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிற்கின்றன. வீட்டு முற்றத்தில் கோழி மேய்ந்த காட்சி அங்கு அரிதாகிவிட்டது. ஆயினும் 'கம்பத்துக் கோழி' என்று மலேசியத் தமிழர் வழங்கும் நாட்டுக்கோழிக்குச் சந்தையில் மதிப்புக் குறையவில்லை. பண்ணைக் கறிக்கோழியைவிடக் கூடுதல் விலைக்கே அது விற்கிறது.

நாட்டுக்கோழியை வேலியிட்ட சிறு நிலத்திலோ கூண்டிலோ வளர்ப்போரிடையே இயற்கைத் துணைத்தீவனம் பற்றிய பேச்சு இன்று மிகுதி. மஞ்சள், பூண்டு, வேம்பு, கீழாநெல்லி, முருங்கை, அசோலா, காடி, கருப்பட்டி நீர் எனப் பட்டியல் நீள்கிறது. இவற்றுள் சில மெய்யாகவே பயன் தருவன, சில பயனற்றவை, சில, அளவு மீறினால் தீங்கு செய்வன. 'இயற்கை' என்னும் சொல் இம்மூன்றையும் ஒன்றாக மூடிவிடுகிறது. அதனால் இழப்பு நேர்வது பெரும்பாலும் பத்து இருபது கோழிகளை நம்பியிருக்கும் எளிய குடும்பங்களுக்கே ஆகும்.

ஒரு துணைத்தீவனத்தை மதிப்பிடுவதற்கு அடிப்படையான வினா ஒன்று உண்டு. மேய்ச்சல் நிலத்தில் கிடைத்து, அடைத்து வளர்க்கும்போது கிடைக்காமற்போன எந்தப் பொருளை அது ஈடுசெய்கிறது என்பதே அவ்வினா. இவ்வினாவைக் கொண்டு வழக்கிலுள்ள இயற்கைத் தீவனங்களையும் குடிநீர்ச் சேர்க்கைகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதில் மலாயா மண்ணில் நிகழ்ந்த இரண்டு ஆய்வுகளை நாம் சற்று விரிவாகக் காண்போம். இரண்டிலும் கோழியும் அரிசியும் இடம்பெறுகின்றன. ஒன்றில் தமிழர் உணவும் இடம்பெறுகிறது.

1. இரையும் தீவனமும்

கோழி தமிழர் வாழ்வில் பழைமையான பறவை. உறையூருக்குக் 'கோழி' என்றே ஒரு பெயர் உண்டு. முருகனுக்குச் சேவல் கொடியாயிற்று. தொல்காப்பிய மரபியல் சேவல் என்பதைப் பறவையின் ஆண்பாற் பெயராகவும், பெடை, பேடை என்பவற்றைப் பெண்பாற் பெயர்களாகவும் வகுத்துரைக்கிறது. நாட்டுக்கோழிகளைச் சிறுவிடை, பெருவிடை எனப் பகுக்கும் வழக்கு தமிழ்நாட்டில் இன்றும் உள்ளது.

உணவைக் குறிக்கும் சொற்களில் நுட்பமான ஒரு வேறுபாட்டைக் காணலாம். பறவை தானே தேடிக் கொள்வதைப் பெரும்பாலும் 'இரை' என்கிறோம். வளர்ப்பவர் இடுவதைத் 'தீனி' என்றும் 'தீவனம்' என்றும் சொல்கிறோம். தோட்டப்புற லயன் வீடுகளில் வளர்ந்த நம்மில் பலர், காலையில் கூட்டைத் திறந்து ஒரு கை நொய்யை இறைத்துவிட்டு, மாலையில் கோழிகளைக் கூடையால் கவிழ்த்து மூடிய பெரியவர்களைக் கண்டிருக்கிறோம். அந்தக் கை நொய்யே தீனி. எஞ்சிய பகல் முழுவதும் கோழி கொத்தித் தின்றது இரை. உண்மையில் அக்கோழியை வளர்த்ததில் பெரும்பங்கு இரைக்கே உரியது.

கோழி மனிதனிடம் வந்து சேர்ந்ததும் தானியத்தின் வழியாகவே எனலாம். வீட்டுக் கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்பதை மரபணு ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து மஞ்சள் தோலுக்கான மரபணு வீட்டுக் கோழிக்கு வந்தது என 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னுமிடத்தில் கிடைத்த, ஏறத்தாழ கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்ட எலும்புகளே இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பழைய வீட்டுக் கோழி எலும்புகளாகலாம் என 2022இல் ஆய்வாளர்கள் முன்வைத்தனர். நெல்லும் தினையும் விளைந்த இடத்தில் சிந்திய மணிகளை நாடிக் காட்டுக்கோழி மனிதக் குடியிருப்பை அணுகியது என்பது அவர்களின் விளக்கம்.

2. மேய்ச்சல் நிலம் தந்தவை

திறந்த நிலத்தில் மேயும் கோழிக்கு ஆறு பொருள்கள் கிடைக்கின்றன. சிந்திய தானியமும் விதையும் ஆற்றலைத் தருகின்றன. புழு, கரையான், வெட்டுக்கிளி முதலியன புரதத்தைத் தருகின்றன. புல்லும் கீரையும் 'ஏ' உயிர்ச்சத்தின் மூலப்பொருளைத் தந்து மஞ்சள் கருவுக்கு நிறமேற்றுகின்றன. மண்ணிலுள்ள சிறுகற்கள் அரைவைப்பையில் தங்கிப் பல்லில்லாத அப்பறவைக்கு அரைகல்லாக உதவுகின்றன. நத்தை ஓடும் சுண்ணாம்புக் கற்களும் முட்டையோட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தைத் தருகின்றன. வெயில், தோலில் 'டி' உயிர்ச்சத்தை உருவாக்கி அச்சுண்ணாம்பை உடல் ஏற்கச் செய்கிறது.

ஏழாவதாக ஒன்றும் உண்டு, அது தாய்க்கோழி. 1973இல் நுர்மி, ரந்தலா என்னும் பின்லாந்து ஆய்வாளர் இருவர், வளர்ந்த கோழியின் குடலிலிருந்து எடுத்த பொருளை அன்று பொரித்த குஞ்சுகளுக்குப் புகட்டியபோது, அக்குஞ்சுகள் சால்மோனெல்லா நுண்ணுயிரின் தாக்குதலைத் தாங்கி நின்றதைக் கண்டனர். தாயோடு மேயும் குஞ்சு, நன்மை செய்யும் நுண்ணுயிர்களைத் தாய் கிளறிய மண்ணிலிருந்தும் எச்சத்திலிருந்தும் தானாகவே பெறுகிறது. பொரிப்பகக் குஞ்சுக்கு அவ்வாய்ப்பு இல்லை. இன்று கடைகளில் விற்கப்படும் நன்னுண்ணுயிர்க் கலவைகள் பலவும் இவ்விழப்பை ஈடுசெய்யும் முயற்சிகளேயாகும்.

நாட்டுக்கோழியை வேலிக்குள் அடைத்தவுடன் இவ்வேழும் குறையத் தொடங்குகின்றன. தோட்டப்புறத்தை விட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்தோர் பழைய நினைவில் ஒரு கை நொய்யை மட்டும் இட்டால் போதாமைக்குக் காரணம் இதுவே. நொய்யில் புரதம் ஏறத்தாழ 8 விழுக்காடு. வளரும் குஞ்சுக்கோ தீவனத்தில் 18 முதல் 20 விழுக்காடு புரதம் வேண்டும். இடைவெளியை முன்பு கரையானும் புழுவும் நிரப்பின.

3. தவிடு: மலாயா கற்பித்த பாடம்

இயற்கைத் துணைத்தீவனம் என்பதற்கு அறிவியல் வரலாற்றில் முதலிடம் பெறத்தக்கது தவிடேயாகும். 1890ஆம் ஆண்டையொட்டி, அன்றைய பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) பணியாற்றிய டச்சு மருத்துவர் எய்க்மன், தம் ஆய்வுக்கூடக் கோழிகள் கால் தள்ளாடிக் கழுத்து மடங்கி வீழ்வதைக் கண்டார். அந்நோய் மனிதருக்கு வரும் பெரிபெரியை ஒத்திருந்தது. அக்கோழிகள் மருத்துவமனையின் தீட்டிய வெள்ளரிசிச் சோற்றைத் தின்றுவந்தன. புதிதாக வந்த சமையற்காரர் அச்சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்ததும், தீட்டாத அரிசிக்கு மாறிய கோழிகள் நலமடைந்தன. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைப்பதற்கு அடிப்படையாக அமைந்தது இந்நிகழ்ச்சியே.

இதன் தொடர்ச்சி மலாயாவில் நிகழ்ந்தது. ஈயச் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் பெரிபெரி ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட காலம் அது. நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த மருத்துவர் பிராடன், தீட்டிய அரிசியை உண்ட சீனத் தொழிலாளரிடையே நோய் மிகுந்திருப்பதையும், புழுங்கலரிசி உண்ட தமிழர்கள் பெரும்பாலும் அதிலிருந்து தப்புவதையும் கவனித்து 1907இல் நூலாக வெளியிட்டார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்பார் இருவகை அரிசியையும் நோயாளிகளுக்குத் தனித்தனியே கொடுத்து இவ்வேறுபாட்டைக் காட்டினார். பின்னர்க் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் தொழிலாளர் குழுக்களிடமும், அதையடுத்துக் கோழிகளிடமும் ஆய்வு நடத்தினர். வெள்ளரிசி தின்ற கோழிகள் நோயுற்றன. புழுங்கலரிசி தின்றவை நலமாக இருந்தன. வெள்ளரிசியோடு தீட்டுத் தவிட்டைச் சேர்த்தபோது நோய் தடுக்கப்பட்டது.

காரணம் பின்னரே தெளிவாயிற்று. நெல்லின் மேலுறையில் உள்ள தையமின் என்னும் 'பி1' உயிர்ச்சத்து தீட்டும்போது தவிட்டோடு நீங்கிவிடுகிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அச்சத்தில் ஒரு பகுதி மணிக்குள் இறங்கிவிடுவதால், புழுங்கலரிசியைத் தீட்டினாலும் அது முற்றிலும் நீங்குவதில்லை. 1926இல் பத்தாவியாவிலேயே ஜான்சன், டோனத் ஆகிய இருவர் அச்சத்தைத் தவிட்டிலிருந்து தனித்துப் பிரித்தெடுத்தனர்.

நம் முன்னோர் கோழிக்குத் தவிட்டைப் பிசைந்து வைத்ததும், புழுங்கல் நொய்யை இறைத்ததும் சிக்கனம் கருதிய வழக்கங்கள். அவை சத்துக்குறையையும் தடுத்தன. தவிட்டில் 12 முதல் 14 விழுக்காடு புரதமும் உண்டு. ஆனால் அதில் எண்ணெய்ப்பசை மிகுதியாதலால் நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் விரைவில் சிக்கு வாடை பற்றிக்கொள்ளும். அரைத்த சில நாள்களுக்குள் பயன்படுத்துவதே முறை.

4. புரதம் தரும் இயற்கைத் தீவனங்கள்

தானியமும் தவிடும் ஆற்றலை ஈடுசெய்தாலும் புரதக் குறை எஞ்சி நிற்கும். இதற்கு வழக்கிலுள்ள பொருள்களைத் தனித்தனியே காண்போம்.

கரையான்: பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் ஆகியவற்றை இட்டு நீர் தெளித்துக் கரையான் நடமாட்டமுள்ள இடத்தில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் பானை நிறையக் கரையான் கூடியிருக்கும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் குஞ்சுகளுக்கு முதல் வாரங்களில் இதனை இடுவர். மேய்ச்சல் நிலத்தில் தாய்க்கோழி கிளறித் தரும் இரையை இது நேராக ஈடுசெய்கிறது. இயற்கைத் தீவனங்களுள் குஞ்சுக்கு இதற்கு நிகரானது குறைவு எனலாம்.

படைவீரர் ஈயின் புழு: சமையற்கழிவில் வளரும் கரிய நிற ஈயொன்றின் புழுக்களை உலர்த்தினால், எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு புரதமாகும், கொழுப்பும் சுண்ணாம்புச்சத்தும் கூடவே கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் பூச்சிப் புரதத்தைக் கோழித் தீவனத்தில் சேர்க்க இசைவளித்தது. கரையான் பானையின் அதே கருத்து தொழில்முறையில் விரிவடைந்ததற்கு இது சான்றாகும்.

அசோலா: நீரில் மிதந்து வளரும் இச்சிறு பெரணியைப் பற்றிய மிகைக் கூற்றுகள் பல. உலர்ந்த அசோலாவில் 20 முதல் 25 விழுக்காடு புரதம் உண்டு என்பது உண்மையே. ஆனால் பசுமையான அசோலாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீராகும். நூறு கிராம் பசும் அசோலாவில் உலர்பொருள் ஏறத்தாழ 7 கிராம். அதில் புரதம் ஒன்றரை கிராமை ஒட்டியதே. முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 முதல் 15 கிராம் புரதம் தேவை. எனவே நூறு கிராம் அசோலா பத்தில் ஒரு பங்குத் தேவையைத்தான் நிறைவுசெய்யும். கீரைக்கு ஈடாக அது சிறந்தது; பிண்ணாக்குக்கோ புழுவுக்கோ ஈடாகாது. இக்கணக்கை அறியாமல் தீவனத்தைப் பாதியாகக் குறைத்து அசோலாவை இடுவோரின் கோழிகள் மெலிவதில் வியப்பில்லை.

முருங்கை இலை: உலர்ந்த இலையில் 25 விழுக்காட்டுக்கு மேல் புரதமும், 'ஏ' உயிர்ச்சத்தின் மூலப்பொருளும், சுண்ணாம்புச்சத்தும் உண்டு. நிழலில் உலர்த்திப் பொடித்துத் தீவனத்தில் சிறிதளவு சேர்த்தால் மஞ்சள் கருவின் நிறம் கூடும். மரவள்ளி இலையையும் சவுண்டல் இலையையும் இதுபோலக் கருதிவிடலாகாது. மரவள்ளியின் பச்சையிலையில் சயனைடு நஞ்சு தோன்றும் பொருள் உள்ளது, உலர்த்தும்போது குறையும். சவுண்டலில் உள்ள மிமோசின் வளர்ச்சியைத் தடுக்கும்.

செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு: இந்நாட்டில் எளிதிற் கிடைப்பது. 14 முதல் 18 விழுக்காடு புரதம் இருப்பினும் நாரும் சொரசொரப்பும் மிகுதி, ஆதலால் வளர்ந்த கோழிக்குக் கலவையின் ஒரு பகுதியாக மட்டுமே பொருந்தும், குஞ்சுக்கு ஏற்றதன்று.

நிலக்கடலைப் பிண்ணாக்கும் சோளமும் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் இறந்தன. பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று பின்னர்க் கண்டறியப்பட்டது. அந்நஞ்சு வேகவைத்தாலும் நீங்காது. 'மனிதருக்கு ஆகாத தானியம் கோழிக்கு ஆகும்' என்னும் எண்ணத்தை நாம் கைவிட வேண்டும்.

5. சுண்ணாம்பும் சிறுகல்லும்

முட்டையோட்டில் ஏறத்தாழ 95 விழுக்காடு சுண்ணாம்புக் கார்பனேட்டு ஆகும். ஒரு முட்டைக்கு இரண்டு கிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச்சத்துச் செலவாகிறது. நாட்டுக்கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைகளே இட்டாலும், இடும் நாள்களில் இத்தேவை குறைவதில்லை. கடலோரப் பினாங்கில் கிளிஞ்சல், சிப்பி ஓடுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைக் கழுவி, உலர்த்தி, நொறுக்கித் தனிப் பாத்திரத்தில் வைத்தால் முட்டையிடும் கோழி தனக்கு வேண்டிய அளவை மட்டும் தின்னும். தீவனத்தோடு கலந்தால் குஞ்சுகளும் அதனைத் தின்ன நேரும். குஞ்சுக்கு ஒரு விழுக்காடு சுண்ணாம்புச்சத்தே போதும். மிகுந்தால் சிறுநீரகம் கெடும். அரைவைக்கு உதவும் சிறுகற்களை வேறொரு பாத்திரத்தில் வைப்பது நலம்.

6. குடிநீரும் அதிற் சேர்ப்பனவும்

கோழி தின்னும் தீவனத்தின் எடையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நீர் குடிக்கும். வெயில் கடுமையானால் அது மேலும் கூடும். எனவே குடிநீரில் சேர்க்கும் எப்பொருளும் நீரின் சுவையைக் கெடுத்துக் கோழியைக் குடிக்கவிடாமற் செய்யக்கூடாது என்பது முதல் விதி. கசப்பு மிகுந்த வேப்பிலைச் சாற்றை அளவின்றிக் கலக்கும் வழக்கம் இவ்விதியை மீறுவதாகும். நாள்தோறும் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, நிழலில் வைத்துத் தூய நீர் நிரப்புவதைவிடச் சிறந்த குடிநீர்ச் சேர்க்கை இல்லை.

புளிப்புப் பொருள்கள் பயனுடையவை. காடி, நீராகாரம் போன்றவற்றில் உள்ள கரிம அமிலங்கள் நீரின் அமிலத்தன்மையைக் கூட்டி, தீனிப்பையில் சால்மோனெல்லா முதலிய நுண்ணுயிர்கள் பெருகுவதைத் தடுக்க உதவுகின்றன. பெரும் பண்ணைகளும் இதே கருத்தில் கரிம அமிலங்களைக் குடிநீரில் சேர்க்கின்றன. மனிதர் உணவைக் கெடாமல் காக்கப் புளிப்பைக் கையாண்ட அறிவு இங்கும் பொருந்துகிறது. ஆனால் துத்தநாகம் பூசிய தகரப் பாத்திரத்தில் புளிப்பு நீரை வைத்தால் துத்தநாகம் கரைந்து நஞ்சாகும். மண், நெகிழிப் பாத்திரங்களே இதற்கு உரியவை.

மஞ்சளை நீரில் கலப்பது பரவலான வழக்கம். மஞ்சளின் முதன்மைப் பொருளாகிய குர்க்குமின் நீரில் கரைவதில்லை; அது அடியில் படிந்துவிடும். கொழுப்போடு சேரும்போதே உடல் அதனை ஏற்கும். மிளகிலுள்ள பிப்பரின் அதன் ஏற்பை மிகுவிக்கும் என்பதைப் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998இல் எலிகளிடமும் மனிதரிடமும் காட்டினர். ஆகவே மஞ்சளை மிளகோடு சேர்த்துத் தவிட்டில் பிசைந்து தருவதே பொருத்தமானது. பாட்டிமார் உருண்டை பிடித்துக் கொடுத்த முறை, நீரில் கரைக்கும் இன்றைய முறையினும் சிறந்தது எனலாம்.

கருப்பட்டி அல்லது வெல்ல நீரைப் பயணக் களைப்புற்ற குஞ்சுகளுக்கு முதல் நாள் மட்டும் தரலாம். அது உடனடி ஆற்றல் தரும். தொடர்ந்து தந்தால் கழிச்சலும் பாத்திரத்தில் பூஞ்சையும் உண்டாகும். உப்பு மிகுந்த கருவாட்டு நீர், ஊறுகாய் மிச்சம் ஆகியவற்றைக் குஞ்சுகளுக்கு அறவே தரலாகாது.

7. மூலிகையும் தடுப்பு மருந்தும்

இதுவரை கண்டவை அனைத்தும் சத்துக்குறையை நீக்குவன. நோய்த் தடுப்பு வேறொரு வினா. நாட்டுக்கோழிக்குப் பெருங்கேடு செய்வது தமிழ்நாட்டில் வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோயாகும். 1926இல் சாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் இந்நோய் முதன்முதலில் விளக்கப்பட்டது. அடுத்து இந்தியாவின் இராணிக்கெட்டில் கண்டறியப்பட்டு அவ்வூர்ப் பெயரைப் பெற்றது. கடுமையான வகை நச்சுயிரி தாக்கினால், தடுப்பு மருந்து பெறாத கோழிக்கூட்டம் ஏறக்குறைய முழுவதும் சில நாள்களில் அழிந்துவிடும். தோட்டப்புறங்களில் 'கோழிக்குக் கொள்ளை வந்தது' என்று பேசப்பட்டவற்றுள் பல இந்நோயாக இருந்திருக்கக்கூடும்.

மரபு மருத்துவத்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் புறக்கணிக்கவில்லை. தஞ்சாவூரில் அதன் மூலிகை ஆராய்ச்சிப் பிரிவு, பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தியின் முயற்சியால், சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, வெங்காயம், பூண்டு ஆகியவற்றை அரைத்துத் தவிட்டில் கலந்து தரும் முறையை உழவரிடையே பரப்பியது. செரிமானத்துக்கும் பசிக்கும் துணைநிற்கும் இத்தகைய கலவைகளுக்கு வளர்ப்பில் இடமுண்டு. ஆனால் அவை தடுப்பு மருந்தின் இடத்தை நிரப்பா. குறிப்பிட்ட ஒரு நச்சுயிரியை அடையாளம் காணும் எதிர்ப்பொருளை உடலில் உருவாக்குவது தடுப்பு மருந்தே. தமிழ்நாட்டில் முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரமளவில் ஊசியும் இடுவது வழக்கமாக உள்ளது.

இங்கே மலாயா மண்ணின் இரண்டாவது பாடம் நினைவுகூரத்தக்கது. ஊசி போடவும் மருந்தைக் குளிர்ச்சியில் காக்கவும் கம்பத்தில் வசதி இல்லை. மாலையில் மரத்தில் அடையும் கோழியைப் பிடிப்பதும் எளிதன்று. இச்சிக்கலுக்குத் தீர்வாக 1980களில் செர்டாங்கில் அமைந்த அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தின் அப்துல் லத்தீப் இப்ராகிமும் ஆஸ்திரேலியாவின் குயின்சுலாந்துப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்பிராட்புரோவும் தத்தம் குழுவினருடன் இணைந்து செயற்பட்டனர். ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்ட, நோய் செய்யாத 'வி4' என்னும் நச்சுயிரி வகையிலிருந்து வெப்பத்தைத் தாங்குவதைத் தெரிந்தெடுத்து, அதனைத் தீவனத்தின்மேல் பூசிக் கோழிகளுக்கு இரையாகவே தந்தனர். பச்சைத் தானியங்கள் சிலவற்றில் உள்ள பொருள்கள் நச்சுயிரியைச் செயலிழக்கச் செய்வதும், சோறு அதற்கு நல்ல ஊர்தியாக அமைவதும் இவ்வழி ஆய்வுகளில் தெரியவந்தன. வாய்வழி மருந்தின் பாதுகாப்பு ஊசியளவு உறுதியானதன்று. ஆயினும் ஊசி எட்டாத கம்பங்களுக்கு அது வழிகாட்டியது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பின்னர் இம்முறை சோதிக்கப்பட்டது.

தடுப்பு மருந்தைக் குடிநீரில் தருவோர் ஒன்றை மறத்தலாகாது. குழாய்நீரிலுள்ள குளோரின் உயிர்த் தடுப்பு மருந்தைக் கொன்றுவிடும். லிட்டருக்கு 2 முதல் 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்மாவைக் கரைத்தால் அது தடுக்கப்படும். அதுபோலவே மருந்து தரும் நாளிலும் அதற்கு முந்திய, பிந்திய நாள்களிலும் காடி, வேம்பு முதலிய சேர்க்கைகளை நிறுத்திவிட வேண்டும். இயற்கை நீரும் தடுப்பு நீரும் ஒரே பாத்திரத்தில் பகைகளாகும்.

மற்றொரு பக்கமும் உண்டு. 1940களின் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள், சிறிதளவு நுண்ணுயிர்க்கொல்லியைத் தீவனத்தில் சேர்த்தால் கோழி விரைந்து வளர்வதைக் கண்டனர். அவ்வழக்கம் உலகெங்கும் பரவியதன் விளைவாக மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர்கள் பெருகின. வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லி சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் நிறுத்தியது. மனித மருத்துவத்தில் கடைசித் துணையாகக் கருதப்படும் கொலிஸ்டினை, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குத் தருவதை மலேசியாவும் இந்தியாவும் 2019இல் தடைசெய்தன. இயற்கைத் துணைத்தீவனத்தின்மீது ஆய்வுலகம் இன்று கொண்டுள்ள ஆர்வத்துக்கு இதுவே முதன்மைக் காரணம். அவ்வார்வம் நியாயமானது. ஆனால் நுண்ணுயிர்க்கொல்லியைக் கைவிடுவதும் தடுப்பு மருந்தைக் கைவிடுவதும் ஒன்றல்ல. தடுப்பு மருந்து முறையாக இருந்தால்தான் நுண்ணுயிர்க்கொல்லியின் தேவை குறையும். 2004 ஆகஸ்டில் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் தோன்றியபோது, கோழிகள் திரளாக இறந்தால் கால்நடைச் சேவைத் துறைக்கு உடனே அறிவிப்பதே அனைவருக்கும் பாதுகாப்பு என்பது மக்களுக்கு உணர்த்தப்பட்டது. அந்நிலையில் வீட்டு மருத்துவத்தில் நாள் கடத்துவது பேரிடருக்கு வழியாகும்.

முடிவுரை

2022ஆம் ஆண்டு சூன் முதல் நாளில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. இறக்குமதியாகும் சோளமும் சோயாவும் விலையேறியதே அந்நெருக்கடியின் பின்னணி. அத்தடை முதலில் தளர்த்தப்பட்டவற்றுள் கம்பத்துக் கோழியும் ஒன்று. கடல் கடந்து வரும் தீவனத்தையே முழுதும் நம்பிய வளர்ப்பு எவ்வளவு நொய்மையானது என்பதை அவ்வாண்டு காட்டியது. உள்ளூரில் கிடைக்கும் தவிடும், கரையானும், முருங்கையும், கிளிஞ்சலும் அந்நம்பிக்கையை ஓரளவேனும் குறைக்க வல்லவை.

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துரைப்போம். தவிடு உயிர்ச்சத்தையும், கரையானும் புழுவும் புரதத்தையும், அசோலாவும் முருங்கையும் கீரையையும், கிளிஞ்சல் சுண்ணாம்பையும் ஈடுசெய்கின்றன. புளிப்பு நீர் குடலுக்குத் துணைநிற்கிறது. மூலிகை உருண்டை பசியையும் செரிமானத்தையும் காக்கிறது. கொள்ளைநோயை எதிர்ப்பது தடுப்பு மருந்து. இவற்றின் எல்லைகளை அறிந்து கையாளும்போது மரபறிவும் அறிவியலும் முரண்படுவதில்லை. பெரிபெரி ஆய்விலும் வாய்வழித் தடுப்பு மருந்து ஆய்விலும் அவை ஒன்றையொன்று வளர்த்தன.

தமிழாசிரியருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. நொய், தவிடு, உமி, பதர், பிண்ணாக்கு, அடை, கூமுட்டை முதலிய சொற்கள் தோட்டப்புற வாழ்வோடு மாணவர் நாவிலிருந்து நீங்கிக்கொண்டிருக்கின்றன. நொய்யையும் தவிட்டையும் பிரித்தறியாத மாணவருக்குப் புழுங்கலரிசி தமிழரை நோயினின்று காத்த வரலாறும் விளங்காது. பள்ளித் தோட்டத்தில் நான்கு கோழிகளை வளர்க்க இடமிருந்தால், அங்கே உயிரியலும் வரலாறும் தமிழும் ஒரே வேளையில் கற்பிக்கப்படலாம். இடமில்லாத கெலுகோர் போன்ற நகர்ப்புறங்களில் ஒரு கிண்ணத் தவிட்டையும் ஒரு கிண்ண நொய்யையும் வகுப்பறை மேசையில் வைத்தேனும் இப்பாடத்தைத் தொடங்கலாம்.